உறுதி செய்யப்படாத தகவல்

இருபத்தெட்டு இடம்.
விண்ணப்பம் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.
பாம்பன் பிரவுசிங் சென்டரில்
ரசீதின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்:
ஐம்பதுக்கு ஒன்று.
"அம்பது வலை இழுத்தா
ஒண்ணுலயாவது சீலா விழாமலா போயிரும்"
என்றார் அசாருதீன் அண்ணன்.
அவர் கடலுக்குப் போனதே இல்லை.

மாதிரிச் செய்தி ஒன்று கேட்டிருந்தார்கள்,
முந்நூறு சொல்லுக்குள்.
ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கசிந்த இரவை எழுதினேன்.
பேப்பரில் 'பெண்கள் சிலர் மயக்கம்' என்று வந்தது.
ஒன்பது பேர்.
வீடு வீடாக ஏறிப் பெயரும் வயதும் வாங்கினேன்.
ரெஜினா சித்தி வயதைக் குறைத்தாள்,
ஆதார் கார்டை எடு என்றேன்.
இன்றுவரை பேச்சில்லை.

நேர்காணல் வீடியோவில்.
வீட்டுக்குள் என் போன்
இலங்கை டவரைப் பிடித்து நல்வரவு சொல்லும்.
அதனால்
தடைக்காலத்துக்குக் கரையேற்றிய படகின்
வீல்ஹவுசில் போய் உட்கார்ந்தேன்.
கீழே அப்பா பலகை மாற்றிக்கொண்டிருந்தார்.
"என்னம்மா சத்தம் அது?"
"ஆணி அடிக்கிறாங்க சார்.
இன்னும் பதினெட்டு நாள்ல கடலுக்குப் போகணும்."
மூவரும் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்கள்.

ஏன் இதழியல் என்றதும்
மனப்பாடம் செய்த பதில் மறந்துபோனது.
"சிலர்ங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கல"
என்றேன்.
திரையில் மூன்று முகமும் அப்படியே நின்றன.
யோசித்தார்களா
சிக்னல் போனதா
தெரியாது.

காத்திருப்புப் பட்டியலில் நான்கு.
எனக்கு முன்னால் மூன்று பேர்.
அவர்கள் வேறெங்காவது சேர்ந்தால்
நான் உள்ளே.
பெயர் போடவில்லை, வெறும் எண்கள்.
ஒருத்திக்கு டெல்லியிலும் இடம் கிடைத்திருக்கும்,
ஒருவனை அவன் மாமா
இன்ஜினியரிங்குக்கு இழுத்துப் போயிருப்பார்
என்றெல்லாம் நோட்டில் எழுதி
அடித்தேன்.
யார் சொன்னது இதை எனக்கு?

ஜூன் பதினான்கு நள்ளிரவு.
டீசல் வாடை. டோக்கன் வாங்கக் கூட்டம்.
அப்பா படகில் ஏறும்போது கேட்டார்,
"கெடச்சிருமா?"
"சொல்ல முடியாதுப்பா."
"கெடச்சா எவ்வளவு கட்டணும்?"
அதைச் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்தார்.

விடிகாலையில் அசாருதீன் அண்ணன் போன்:
"நாலு, ரெண்டாயிருச்சாம் தாயி!"

பாலத்துக்குத் தெற்கே
விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
நாற்பத்தேழில் விட்டுவிட்டேன்.

"ஆயிருச்சாமா?
நீங்க பாத்தீங்களாண்ணே,
இல்ல, யாராவது சொன்னாங்களா?"