மழை படலாம்

புறக்கோட்டைக் கடைக்காரன்
ஒரு குவளைத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினான்,
சட்டைக் கையால் துடைத்தான்,
"பாருங்க மிஸ்" என்று தந்தான்.
சவர்க்காரக் கட்டியளவு கமரா.
மூன்று வருட உத்தரவாதம்.

கையேட்டை ஆமர் வீதி நெரிசலில்
பஸ்ஸுக்குள் நின்றபடி வாசித்தேன்.
மழை படலாம். தூசி படலாம்.
மூழ்கக் கூடாது.
பற்றரிக் கதவின் றப்பர் வளையத்தில்
ஒரு தலைமயிரும் சிக்கக் கூடாது.

குறை சொல்வதற்கு அதிகம் இல்லை.
நண்பகல் வெயிலில் திரையில் என் முகம்தான் தெரியும்.
தூறலில் பிளாஷ் போட்டால்
வீடு முழுக்கப் பஞ்சு பறந்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள்.
வெள்ளவத்தையில் தண்டவாளக் கல்லில் விழுந்து
ஒரு கீறலோடு எழும்பியது.
காலிமுகத்திடலில் அலை ஏறி நக்கிய நாளில்
குழாயடியில் கழுவினேன், பீங்கான் கோப்பையைப் போல.

என் வேலை வெள்ளம் வடியத் தொடங்கும்.
காப்புறுதிக் கம்பனிக்கு இழப்பு மதிப்பிடுகிறவள்.
சேறு காயாத சுவரில்
தண்ணீர் நின்ற கோட்டருகே அடிமட்டத்தை வைத்துப் படம் எடுப்பேன்.
நாலடி இரண்டங்குலம்.
குப்புறக் கிடக்கும் பிரிட்ஜ்.
உப்பிப்போய் மூடாத அலுமாரி.
பிறகு, எழுத்தில் உள்ளதைச் சொல்வேன்:
கூரையால் வந்த தண்ணீர் வேறு,
கங்கையால் வந்த தண்ணீர் வேறு.
முதலாவதுக்குத்தான் பணம்.

கொலன்னாவையில் ரிஸ்மியா
அதைக் கேட்டுவிட்டுப் பிளேன்ரீ ஊற்றினாள்.
அடுப்பு மேசைமேல் இருந்தது, மேசை செங்கல்மேல்.
"எந்தத் தண்ணியெண்டு
தண்ணிக்கிட்டயா கேக்குற, மிஸ்?"

பதில் சொல்லாமல் பற்றரி மாற்றினேன்.
அவசரமாகக் கதவை அழுத்தினேன்.
குசினிப் படியில் சேறு.
கமரா முழங்கால் தண்ணீருக்குள் போனது,
அவள் ஒரு "யா அல்லாஹ்" சொல்லும் நேரம்.
அவள்தான் குனிந்து துழாவி எடுத்தாள்,
தாவணியில் துடைத்தாள்.
அது விழித்தது. மிச்ச அறைகளை எடுத்தேன்.
கம்பனிக் கமராவா என்றாள்.
என்னுடையது என்றேன்.
"அப்ப கவனம், மிஸ்."

இரண்டு நாள் அரிசிப் பேணிக்குள் வைத்தேன்.
(அந்த அரிசியைப் பிறகு சமைத்தோம்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.)
மங்கல் போகவில்லை.

கொள்ளுப்பிட்டியில் திருத்துகிற இஷாக்
கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு
றப்பர் வளையத்திலிருந்து இடுக்கியால் இழுத்தான்
ஒரு மயிரை.
நீளமானது. வேரடியில் நரை.
வெள்ளைத் தாளில் வைத்து என் பக்கம் நகர்த்தினான்.

உத்தரவாதம் முடிய இன்னும் பதினொரு நாள்.
கவுண்டர்ப் பையன் மரியாதையாய்த்தான் சொன்னான்:
"மேலே பட்ட தண்ணி வேறு, மிஸ்.
உள்ளே போன தண்ணி வேறு."
தலையை லேசாகச் சரித்து, குரலைத் தணித்து.
அந்தச் சரிப்பை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாக
நானும் அப்படித்தான் சரிக்கிறேன்.

இப்போது எந்தப் படத்திலும்
மேல் மூலையில் கஞ்சி நிறத்தில் ஒரு கலங்கல்.
ரிஸ்மியாவின் படுக்கையறையில்
அது கூரைத் தகட்டின்மேல் சரியாகக் குந்தியிருக்கிறது,
ஓரம் கறுத்து,
ஒழுகிக் காய்ந்ததுபோல்.

தலைமையகம் கேட்டிருக்கிறது:
படம் பதினான்கில் கூரையில் தெரிவது
மழைநீர்க் கசிவா? உறுதிப்படுத்தவும்.

மூன்று நாளாயிற்று.
ஜன்னலோரம் கமரா
பற்றரிக் கதவைத் திறந்தபடி காய்கிறது.
வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.
கடிதத்தில் "பெனடிக்டா" என்று கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.
அதற்கு மேலே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.