மஞ்சள் குறி

மெஹிகாலியில் ஆகஸ்ட் வந்தால்
நிழலுக்கே வியர்க்கும்.
காலை பத்து மணிக்கு ஸ்பானரை
கந்தல் சுற்றித்தான் எடுப்பேன்.

நோஹெமியின் வேன் வந்து நின்றது.
பின்கதவைத் திறந்தால்
வாளி வாளியாய் கிளாடியோலஸ்,
ஒரு மலர்வளையம்,
அதில் யாரோ ஒரு எப்பிஃபானியோ
தங்க எழுத்தில்.

"பன்னிரண்டு மணிக்கு அடக்கம், ஃபிடென்சியோ.
காற்று வருகிறது, குளிர் இல்லை.
முன்னால் ஒரு சத்தம்,
மிக்சியில் கரண்டி விழுந்த மாதிரி."

பூக்களை என் அறைக்கு மாற்றினோம்.
வளையத்தை நாற்காலியில் உட்கார வைத்தாள்.
அரைமணியில் அவள் தம்பி வந்து
டாக்சியின் முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டுக் கொண்டுபோனான்.

வாயுவை உறிஞ்சி எடுத்தேன்.
குழாயைக் கழற்றினேன்.
விரலில் வந்தது எண்ணெய் இல்லை,
சாம்பல் குழம்பு.
நடுவே மினுமினுப்பு,
விடிந்த பிறகும் முகத்தில் ஒட்டியிருக்கும்
ஜிகினா போல.
அலுமினியத் தூள்.
சல்லடைக் குழலை இழுத்தேன்,
தீய்ந்த சோளக்கதிராய் வந்தது.

"எந்த மடையன் செய்த வேலை இது?"
சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
பிறகுதான் கம்ப்ரஸரைத் திருப்பினேன்.
அடியில் மஞ்சள் பெயின்ட்.
ஒரு தேதி,
வால் நீட்டி என் பெயரின் முதலெழுத்து.

மூன்று கோடைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.
கழுவும் திரவம் டப்பாவில் கால்வாசி,
டிவியில் ஏழு மணிக்குக் குத்துச்சண்டை.
செத்த கம்ப்ரஸர் துப்பிய தூளை
உள்ளேயே விட்டுப்
புதியதைப் பூட்டினேன்.
குளிர்ந்தது.
காசோடு ஒரு கட்டு வெள்ளை ரோஜா கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

தூள் எங்கும் போகவில்லை.
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது,
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்
அவளோடு.

இன்று கழுவினேன்.
இதில் ஒரே விதிதான்:
ஓட்டத்தை எதிர்த்து அனுப்பு.
போன திசையிலேயே தள்ளினால்
அழுக்கு இன்னும் ஆழத்தில் போய்
சம்மணமிட்டு உட்காரும்.
திரவம் ஊற்றி நைட்ரஜனைத் திறந்தேன்,
குழாய் வாயில் வெள்ளைத் துணி.
முதல் முறை கரி.
இரண்டாம் முறை காப்பி.
அப்புறம் இரண்டு முறை ஆறிய டீ.
ஆறாவதில் துணி நனைந்தது, அவ்வளவுதான்.
ஏழாவது முறையும் ஊற்றினேன்,
யாரும் கேட்கவில்லை.

கண்டென்சரைக் கழுவ முடியாது.
மயிரிழைத் துளைகள்;
எது தங்கியது எது போனது
அதைச் செய்தவனுக்கும் தெரியாது.
கழற்றி எறிந்தேன். புதிது.
உலர்த்தும் குப்பி புதிது,
ரப்பர் வளையங்கள் புதிது,
எண்ணெயை மட்டும்
குழந்தைக்கு மருந்துபோல் அளந்தேன்.

பில்லில் கூலிக்கு நேரே கோடு.
கண்டென்சருக்கு நேரேயும்.
வாடுவதற்குள் விற்று வாழ்கிறவள்,
கணக்கு தெரியாதா?
"என்ன இது, தர்மமா?"

நான் வாய் திறப்பதற்குள்
பெஞ்சில் கிடந்ததை ஒரு கையால் உருட்டினாள்.
மஞ்சள் மேலே வந்தது.
ஒரு தேதியைப் படிக்க
அவ்வளவு நேரம் ஆகாது.

"அந்த ரோஜா எத்தனை நாள் நின்றது?"
"ஐந்து."
"பத்து நாள் நிற்கும் ரோஜா அது.
நீ தண்ணீர் மாற்றியிருக்க மாட்டாய்."

இப்போது பம்ப் ஓடி முடிந்தது.
உள்ளே காற்றில்லை, ஈரமில்லை.
வால்வை மூடிவிட்டேன்.
கசிவிருந்தால் முள் ஏறும்.
எப்பிஃபானியோவுக்கு மண் தள்ளி முடித்திருப்பார்கள்.
அவள் கவிழ்த்த வாளியில்,
நான் தரையில்.
பேசவில்லை.
முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.