மூன்றாவது கை

இருபத்து மூன்றாம் நிமிடம் கொடுத்தேன்.
நல்ல வெயில். மஞ்சள் அணியின் வன்லால்சாங்கா
தாவியபோது முழங்கை
உடம்பைவிட்டு ஒரு சாண் விலகியிருந்தது.
பந்து பட்டது, ஊதினேன்.
வெள்ளைக்குப் பெனால்டி. உள்ளே.
மேற்கு கேலரியில் ஒருவர்
கன்னடத்தில் என் கண்ணைப் பற்றி விசாரித்தார்.
கண் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

அறுபத்தேழில் கொடுக்கவில்லை.
கப்பன் பார்க் பக்கமிருந்து
மழை ஸ்டேடியத்துக்குள் சரிந்து விழுந்து
பத்து நிமிடத்தில்
எதுவுமே நடக்காததுபோல் போய்விட்டிருந்தது.
வெள்ளையின் அகோஸ்தின்ஹோ வழுக்கினான்.
கை விலகியது. ஒரு சாண்.
பந்து பட்டது.
விழுகிறவன் கையை எங்கே வைப்பான்
என்று எனக்குள் யாரோ கேட்டார்கள்.
விசில் உதட்டில்தான் இருந்தது.
அதில் மழைத்தண்ணீர் ருசித்தது.

மஞ்சள் கேப்டன் பிஜோய் ஓடிவந்தான்.
திட்டவில்லை. பாலக்காட்டுத் தமிழில்
கணக்குக் கேட்பதுபோல் கேட்டான்:
"சாரே, சரியாக் கொடுக்கணும்னு சொல்லல்ல.
தப்பாக் கொடுத்தோ.
ரெண்டு பக்கமும் ஒரே தப்பாக் கொடு."

எனக்கு ஓடிப்போய்ப் பார்க்கத் திரை கிடையாது.
இரண்டு நுரையீரல், ஒரு மஞ்சள் அட்டை, ஒரு சிவப்பு.
அதன்பின் இருபது நிமிடம்
பந்துக்குப் பின்னால் ஓடவில்லை நான்,
அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஓடினேன்.

தொண்ணூற்று இரண்டு.
வெள்ளையின் பெனால்டி எல்லைக்குள்
மூன்றாவது கை.

இந்த முறை தேவநேசன்.
நீலசந்திராவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.
அவன் அக்கா கல்யாணத்தில்
பிரியாணி போதாமல் போனது வரை எனக்குத் தெரியும்.
கை விலகியிருந்தது.
எத்தனை சாண் என்று இன்னும் கேட்கிறீர்களா.

கொடுத்தால்
இருபத்து மூன்றாம் நிமிடத்து ஆளோடு ஒத்துப்போவேன்.
கொடுக்காவிட்டால் அறுபத்தேழாம் நிமிடத்து ஆளோடு.
இருவரும் நான்தான். இருவரும்
எதிரெதிர்க் கோல்கம்பத்தில் சாய்ந்து நின்று
என்னையே பார்த்தார்கள்.
கொடுத்தால் கடனை அடைத்துவிட்டான் என்பார்கள்.
கொடுக்காவிட்டால்
அடுத்த தெருப் பையன் அல்லவா என்பார்கள்.
ஒன்பதாயிரம் பேர். எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது.

ஊதினேன்.

"அண்ணே," என்றான் தேவநேசன்,
மைதானத்தில் என்னை அப்படிக் கூப்பிடக்கூடாது,
"அண்ணே, அகோஸ்தின்ஹோவுக்குக் கொடுக்கலையே."

புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.
நீட்டிய கை இறங்க
ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.
பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.
யாரோ ஒருவர் என்னை மன்னித்ததுபோல் இருந்தது,
யாரென்று பார்க்கத் திரும்பவில்லை.

மறுநாள் மதிப்பீட்டாளர் மூன்று கைகளையும்
திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.
அசையாதபோது எல்லாக் கையும் ஒன்றுதான்.
மழை தெரியவில்லை. பிஜோயின் குரல் இல்லை.
"முதலாவது சரி, மூன்றாவது சரி,
நடுவில் என்ன ஆச்சு?"
வழுக்கினான் சார், என்றேன்.
"யார்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஜெயநகரில்
குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கப் போனேன்.
நாலாவது பிளாக், பச்சை கேட், கட்டாத நாய்.
ரசீதை நீட்டி அந்த அம்மாள் கேட்டார்:
"போன மாசம் பன்னிரண்டு. இந்த மாசம் இருபத்திரண்டு.
அதே வீடு, அதே நாலு பேர், அதே பக்கெட்.
எப்படிப்பா?"

குனிந்து
கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
மறுபடி பார்த்தேன்.

இருபத்திரண்டுதான்.