சேதனம்

முன்பு அறுவை ஏதும் நடந்ததுண்டா என்று
மலையாளத்தில் அச்சடித்த கட்டத்தைத்
தமிழில் கேட்டேன்.
இல்லை என்றாள் சஃபூரா.
வண்ணாமடைப் பள்ளியில் அரபி டீச்சர்.
தலைப்பிரசவம்.
கள்ளு வண்டிகள் சித்தூரை விட்டுக் கிளம்புகிற நேரம்,
இன்னும் விடியவில்லை.

கையுறை மாட்டிப் பார்த்தபோது
இருக்கவேண்டியது ஒன்று இல்லை.
அரிசி நீளத் தழும்பு,
விளக்கைச் சாய்த்தால் மட்டும் தெரிவது.
பதினோரு வருட லேபர் ரூம்
என் முகத்தைப் பழக்கி வைத்திருந்தது.
ஆனாலும் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:
"அதுக்கு என்ன பேர் எழுதுவீங்க?"

டாக்டர் ஷைனிக்கு மூன்று ஆங்கில எழுத்து போதும்,
பக்கத்தில் ஒரு எண்.
மலையாளத்தில் சேலாகர்மம்.
சேல் என்றால் இங்கே அழகு.
வேர் அதுதானா, எனக்குத் தெரியாது,
காதில் அப்படித்தான் விழுகிறது.
அது பையன்களுக்கான சொல்,
பிரியாணி வாசனை அடிக்கிற சொல்.
இவளுக்கு யாரும் பந்தல் போடவில்லை.

என்னிடம் இருந்தது கோயில் சொல்.
கொழிஞ்சாம்பாறையில் ஜனவரி ஒன்றாம் தேதிப் பூசையில்
தூக்கக் கலக்கத்தில் கேட்டது: விருத்தசேதனம்.
விருத்தி என்றால் வளர்ச்சி, ஏதோ நல்லது என்றே
பத்தாம் வகுப்பு வரை இருந்தேன்.
விருத்தம் வட்டமாம், சேதனம் வெட்டாம்.
வட்டமாய் வெட்டுவது.
இங்கே வட்டம் எங்கே?

"அரபியில ஆம்பளைக்கு ஒரு சொல்லு,
பொம்பளைக்கு வேற.
கஃப்ளு.
தாழ்த்துறதுன்னு அர்த்தம்.
குரலைத் தாழ்த்துறது, பறவை சிறகைத் தாழ்த்துறது,
எல்லாம் அதே வேர்."

வலி வந்தது.
கட்டில் கம்பி வளையாததுதான் பாக்கி.
போனது.

"எழுத்துக்குக் கீழே சாஞ்சாப்ல ஒரு கோடு போடுவோம்.
அந்தக் கோடு வர்ற வேற்றுமைக்கும்
பழைய இலக்கணத்துல கஃப்ளுன்னுதான் பேரு.
கோட்டுக்குப் பேரு கஸ்ரா. உடைவு.
மூணாங் கிளாஸ் பாடம், நான்தான் நடத்தறேன்."
வேற்றுமை என்பதைத் தமிழிலேயே சொன்னாள்.
"மூணாங் கிளாஸ் படிக்கையிலதான் என்னைய
அந்த மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

யார் என்றேன்.
"சின்னம்மா. செருப்பு வாங்கன்னு.
வாங்கியும் குடுத்தாங்க. சிவப்பு.
அளவு சரியா இருந்துச்சு."

சேதனம் என்று மட்டும் எழுதலாம் என்று
பேனாவை வைத்தவள் எடுத்துவிட்டேன்.
வெட்டும் சேதனம்தான்,
உணர்வும் சேதனம்தான்.
உயிருள்ளதெல்லாம் சேதனம், கல்லும் மண்ணும் அசேதனம்.
வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி வேறு.
நமக்கு ஒரு ச, ஒரு த.
வெட்டியதையும் வெட்டுப்பட்டதையும்
ஒரே சொல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு
ஒன்றும் தெரியாதது மாதிரி இருக்கிறது தமிழ்.

"எழுதிட்டீங்களா?"
"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

யோசித்தாள்.
பரீட்சைத் தாள் திருத்துகிற முகம்.
அவள் சொன்னதை அப்படியே, தமிழில் எழுதினேன்:
எட்டு வயதில்.
மரத்துப்போக ஊசி போடாமல்.
என்னைக் கேட்காமல்.

கட்டம் சின்னது.
'கேட்காமல்' வேலி தாண்டி
மருந்து ஒவ்வாமை உண்டா என்கிற இடத்தில் போய் நின்றது.
டாக்டர் ஷைனி கேட்பார், இது என்ன பாஷை,
இதை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று.

கேட்கட்டும்.
ஆறு சென்டிமீட்டர்தான் ஆகியிருக்கிறது,
இன்னும் நேரம் இருக்கிறது.