செருப்புத் தண்டம்

சம்மாந்துறை மில்லுக்கு
நிறம் பிரிக்கும் மெஷின் பூட்ட வந்தவர்
தில்பாக் சிங். சொந்த ஊர் லூதியானா.
காங்கேயத்தில் ஏழு வருசம் மில் மில்லாய்த் திரிந்து
தமிழ் எடுத்தவர்.
"ஏனுங்க உதுமாலெப்பையண்ணா" என்பார்.
நீலத் தலைப்பாகைக்குள்ளிருந்து கொங்குப் பேச்சு வரும்போது
மூட்டை தூக்கும் பொடியன்கள்
சிரிப்பை அடக்க ஏலாமல் கிறுகி நிற்பார்கள்.

மத்தியானம் மெஷின் ஓய்ந்தால்
தவிட்டு மூட்டையில் விரலால் தட்டுவார்.
பதினாறு மாத்திரை. ஒன்று பிசகாது.
நானும் கொட்டுக்காரன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

தலைப்பிறைக்குக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறியது.
ஐந்தாம் நாள் ஆதம்பாவாக் காக்காவுக்குக் காய்ச்சல்;
இரவு றாத்திபுக்கு ஒரு றபான் குறையும்.
போய்க் கேட்டேன். கேட்டிருக்கப்படாது.

ஸ்பேனரைத் துடைத்தபடி சொன்னார்:
பத்தொன்பது வயதுங்க.
இரும்புச் சட்டியில் தண்ணீர், அதில் சீனிப் பதாசா.
ஐந்து பேர் சுற்றி இருந்து
இருபுறம் கூரான வாளால் கலக்கக் கலக்க ஓதினார்கள்.
ஐந்து கை குடித்தேன்.
ஐந்து தரம் கண்ணில் தெளித்தார்கள், ஐந்து தரம் முடியில்.
மிச்சத்தை எல்லாரும்
ஒரே சட்டியில் வாய் வைத்துக் குடித்தோம்.
"அன்னிக்குக் குடுத்த வாக்குங்க.
ஒருத்தனைத் தவிர எதையும் கும்பிடறதில்லை.
கல்லறை, சமாதி, எதுவும்."

"நானும் கல்லறையைக் கும்பிடல்லகா" என்றேன்.
அதைத்தான் கும்பிடுகிறேன் என்று
மதுரசாவில் ஓதும் என் மகன்
ஆறு மாதமாய் என்னோடு ஒரு சகனில் கை வைப்பதில்லை.
அதைச் சொல்லவில்லை.
"வாய்தானே வாக்குக் கொடுத்தது? கை?"

வலது கையைத் தூக்கினார்.
இரும்புக் காப்பு முழங்கைப் பக்கம் சறுக்கியது.
"கைக்குத்தானுங்க இதைப் போட்டிருக்கு."

மறுகா, வெகுநேரம் கழித்து,
மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"எங்க முதல் குருவுக்கு ரபாப் மீட்டினவர் முஸ்லிமுங்க.
போன ஊருக்கெல்லாம் கூடவே நடந்தார்."

இரவு வந்தார்.
பக்கீர் என்று நினைத்துப் பிள்ளைகள் வழிவிட்டார்கள்.
வட்டத்தின் ஓரத்தில் இருந்தார்.
பைத் தொடங்கியது. வாய் திறக்கவே இல்லை.
நெருப்பில் காட்டி இறுக்கிய தோலில்
முதலில் ஒரு விரல். பிறகு கை.
தாளம் ஏற ஏறக் காப்பு விளிம்பில் பட்டு
கிண், கிண் என்று
எங்கள் கொட்டில் ஒருநாளும் இல்லாத ஒரு சத்தம்.
நான் இரண்டு தரம் அடி தவறினேன்,
முப்பது வருசத்துக்குப் பிறகு.

நார்சாச் சோறு வந்தது, இறைச்சியோடு.
"ஹலால் எனக்கு ஆகாதுங்க."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.
இரண்டு கதலிப்பழம் தின்றார்.

விடியற்காலை, மில் தாழ்வாரத்தில், போனில் பஞ்சாபி.
நெடுநேரம்.
"என்ன சொல்றாங்க?"
"தப்புன்னு சொல்லலைங்க. சரின்னும் சொல்லலை.
நானாத்தான் தண்டம் கேட்டு வாங்கினேன்."
"என்ன தண்டம்?"
"குருத்துவாரா வாசல்ல செருப்புத் துடைக்கணும்."
அம்பாறை மாவட்டத்தில் குருத்துவாராவுக்கு எங்கே போக?

ஆறாம் இரவு பள்ளி வாசலில் கண்டேன்.
குந்தியிருந்து, கிழிந்த சாரத் துண்டால்
மணல் தட்டித் தட்டி
சோடி சோடியாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.
உள்ளே றபான். காய்ச்சல் தீராமலே
ஆதம்பாவாக் காக்கா வந்திருந்தார்.
தில்பாக்கின் விரல் அதற்கு ஆடவில்லை.
ஆடாமல் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அந்தக் குவியலில் என் பாட்டாவும் கிடந்தது.
றாத்திபு முடிந்து போய் எடுக்க ஏலவில்லை.
பின்பக்கத்தால் இறங்கி
வெறுங்காலோடு கரையால் நடந்தேன்.
சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கீறியது.

காலையில் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது
என் பாட்டா, வாங்கிய நாள் போல.
"யாரோ மறந்துட்டுப் போயிட்டாருங்க."
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரிசி கொட்டியது;
காற்று ஒவ்வொரு கறுப்பாய்ப் பார்த்து
ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் சாரத்தை இறக்கிக்
காலை மறைத்தேன்.