ஏழுக்கு எத்தனை

திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால்
ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
வெள்ளைத்தாள் அரை றீம்.
முதற் கேள்வி சுகமானது:
சைக்கிளைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?
ஒண்டிலயிருந்து ஏழுக்குள்ள
ஒரு நம்பர் சொல்லுங்கோ.

சிரித்தார்கள்.
யாழ்ப்பாணத்தில் வைத்துக் கேட்கிற கேள்வியா?
தபால்காரர் மனோரஞ்சிதன் ஏழு என்றார்,
எட்டு இருந்தால் எட்டுப் போடச் சொன்னார்.
வெங்காயச் சாக்கைக் கரியரில் இறுக்கிக்கொண்டே
யோகமலர் ஏழு.
ஒரே பின்னேரத்தில் மூன்று ரியூசனுக்கு மிதிக்கும் பெடியன்
என்னை இரக்கமாகப் பார்த்து
ஏழு.

இரண்டாவது, கேள்வியே அல்ல.
பென்சிலை நீட்டுவேன்.
கீறுங்கோ.
உங்கட சைக்கிளுக்கு முதுகு காட்டி இருங்கோ,
திரும்பிப் பாக்கக் கூடாது.

இரண்டு வட்டம் உடனே வந்துவிடும் எல்லாருக்கும்.
அதற்குப் பிறகு
தாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
வழி தெரியாமல் நிற்கும் பென்சில்.

மனோரஞ்சிதன் முன்சில்லுக்கும் சேர்த்துச் செயின் போட்டார்.
இருபத்தெட்டு வருடம் கடிதம் காவிய சைக்கிள்
அந்தத் தாளில் ஒரு சந்தியிலும் திரும்பாது.
பலாலி வீதியால் நேரே போய்க்
கடலுக்குள் விழும்.
யோகமலரின் பெடல்கள் பின்சில்லின் நடுவில்.
பெடியனுடையதில் கூடையும் மணியும் இருந்தன,
பெடல் இல்லை.

ஆரியகுளத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் யேசுதாசன்
பாதியில் பென்சிலை வைத்துவிட்டு
வலது கையால் காற்றில் எதையோ முறுக்கினார்,
கழற்றினார், மாட்டினார்.
'கையைக் கேட்டால் சொல்லும் தங்கச்சி,
என்னட்டைக் கேக்கிறியள்.'

மூன்றாவதும் முதற் கேள்வியே.
இப்ப ஏழுக்கு எத்தனை?
நாலு, மூன்று, மூன்றரை.
தபால்காரர் நம்பர் சொல்லவில்லை,
தாளைத் திருப்பித் தரச் சொன்னார்.
ஒருவர் மட்டும் ஏழிலேயே நின்றார்:
'எனக்குத் தெரியும். படந்தான் பிழை.'

தொண்ணூற்றைந்தில்
தாயைப் பின்னால் வைத்து
நாவற்குழிப் பாலம் கடந்த ஒருவர்
கரியரை மட்டும் கீறினார்.
நாலு கம்பி, சுற்றிக் கட்டிய ஒரு சீலைத் துண்டு.
சில்லுகூட இல்லை.
எங்கள் மதிப்பெண் பட்டியலில்
கரியருக்குப் பெட்டி கிடையாது.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பிறகு அதையும் அழித்தேன்.

மழை தூறத் தொடங்கிய நேரம் வந்தவர்
சோனகத் தெரு றிஹானா உம்மா.
சைக்கிள் ஓடப் பழகியதே இல்லை, அதனால் ஒண்டு.
கீறினார்.
முக்கோணம், சாய்ந்த இன்னொரு முக்கோணம்,
செயின் சரியாகப் பின்சில்லுக்கு,
சீற்றுக்குக் கீழே இரண்டு சுருள் கம்பி,
பின்சில்லில் உரசுகிற டைனமோ.
நூற்றுப் பன்னிரண்டு தாளில்
ஓடக்கூடிய சைக்கிள் அது ஒன்றுதான்.

எப்படி என்று கேட்டேன்.
'முப்பது வருசம் அவர்ட பின்னால இருந்தனான்.
வேற என்னத்தைப் பாக்கிறது?'
இப்ப ஏழுக்கு எத்தனை உம்மா?
'ஒண்டு. எனக்கு ஓடத் தெரியாதெல்லோ.'

கணக்குப் பார்த்தபோது மேற்பார்வையாளர்
அந்தப் புள்ளி கூட்டத்துக்கு வெளியே கிடக்கிறது,
எடுத்துவிடு என்றார்.
எடுத்தேன்.
தாள் என் பைக்குள் இருக்கிறது.

அன்றிரவு கொக்குவில் வீட்டில்
சுகிர்தன் எனக்கு முதுகு காட்டி
குசினியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.
ஒன்பது வருடம்.
நானே என்னிடம் கேட்டேன், நானே சொன்னேன்:
ஏழு.
மிச்சத் தாள் ஒன்றை எடுத்தேன்.

கண்ணாடியின் இரண்டு வட்டம்
உடனே வந்தது.

எந்தப் பக்கம் வகிடு?
அந்தத் தழும்பு புருவத்துக்கு மேலா, கீழா?
யாராவது பொய் சொல்லும்போது
கேட்டுக்கொண்டிருக்கும் அவர் வாய் எப்படி இருக்கும்?

'என்ன எழுதுறாய்?' என்றார்.
கம்பஸ் வேலை என்றேன்.
எண்ணெய் வெடித்தது. அடுப்பைத் தணித்தார்.
கரண்டியோடு தோள் மெல்ல அசைந்தது,
திரும்பப் போகிறவர் மாதிரி.

திரும்பாதேங்கோ, என்றேன்.
கொஞ்ச நேரம்.