அரைப் பாகைப் பிழை

ஐஸ் கட்டியின் நடுவில்
வெண்புகையாய்ச் சிக்கிக் கிடக்கும் காற்று.
குருநகரில் றெஜினோல்ட் அதை அறுத்து
சீலாப் பெட்டிக்குள் கொட்டுகிறான்.

தென்முனையில் குமிழே இல்லை என்கிறேன்.
இரண்டு கிலோமீற்றர் பாரத்தில்
நசுங்கித் தெளிந்த பனி;
உள்ளே வடத்தில் தொங்கும் கண்ணாடிக் கண்கள்
ஒரு நீலப் பொறிக்கு
வருடக்கணக்காய் விழித்திருக்கின்றன.

போன மாசி வந்தது ஒன்று.
பின்னோக்கிக் கோடிழுத்தேன்:
பூமிக்குள் அது புகுந்தது இந்தத் துறையால்.
அரைப் பாகை பிழைத்தால் மன்னார்.

"என்னைத் தொட்டதோ?"
"உன்னையுமில்லை, அடியிலுள்ள சுண்ணக்கல்லையுமில்லை.
நீ கேட்டு முடிக்கமுன் கோடிக்கணக்கில் போயிட்டுது."

"அப்ப அங்கை மட்டும் ஏன் பிடிபட்டது?"
அதற்குக் கணக்கு உண்டு. காரணம் இல்லை.

அவன் லைற்றை நூர்த்துவிட்டு
கட்டியின்மேல் குனிந்தான்.
வெளியே மீன் லொறி ஹோர்ன் அடித்தது.
நிமிரவில்லை.